பெருக்கிக்கங்கன்னு அப்பா சொன்னாரு

எங்க மோட்டார் கேஸ்ல தீர்ப்பு வந்து ரெண்டு வருஷம் ஆகப்போவுது, காசும் கைக்கு வந்துருச்சு, ஆனா வாரத்துல ஒரு நாளாவது சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்துட்டு அப்பா அதே கேள்விய எடுத்துருவாரு. "திருடுனவன் திருடுனதத் திருப்பிக் குடுத்தாப் போதும்னா அப்புறம் எவன் சாமி திருடாம இருப்பான்?" நான் ஏதாவது சொல்லுவேன், அவரு ரசத்த ஊத்திக்கிட்டே "சரி சரி"ம்பாரு, அந்த சரிக்கு நீ சொல்றது எனக்கு ஏறலைன்னு அர்த்தம். இதுல கொடுமை என்னன்னா என் பொழப்பே இந்தக் கேள்விய ஒட்டுனதுதான். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில அமெரிக்க வக்கீல் ஆபீசுகளுக்கு கேஸ் பேப்பர் படிச்சு சுருக்கம் எழுதிக் குடுக்கற வேலை, ஒன்பது வருஷமா கொழிஞ்சாம்பாறைலருந்து வேலந்தாவளம் வழியா பஸ்ல போய்ட்டு வர்றேன், ப்யூனிட்டிவ் டேமேஜ்னு தலைப்பு போட்ட தீர்ப்பு எத்தனையோ கண்ணு முன்னாடி போயிருக்கு. நஷ்டத்த ஈடு கட்டறதுக்கு மேல, செஞ்சவனுக்கு வலிக்கட்டும்னே போடற தொகை. அத எந்த அளவுக்கு மேல போடக்கூடாதுன்னு கோர்ட்டு எப்படி கடிவாளம் போடுதுங்கறது எனக்கு அத்துப்படின்னு நெனச்சிட்டிருந்தேன். எங்க வீட்டு மோட்டார் எரியற வரைக்கும்.

2022 மார்ச்சுல தோப்புல இருந்த பழைய சப்மெர்சிபிள் படுத்துருச்சு. எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவோட கெழக்குப் பக்கம் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், கேரளான்னா மழைன்னு நெனைக்கறவங்க ஒரு தடவ மார்ச் மாசம் வந்து பாக்கணும். பத்து நாள் தண்ணி விடலன்னா குரும்பை கொட்ட ஆரம்பிச்சுரும். அப்பா அவசரத்துல பார்டர் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு டவுனுக்குப் போயி, அஞ்சு ஹெச்பி புது மோட்டார் ஒண்ணு 36,500 ரூபாய்க்கு பில்லு போட்டு வாங்கிட்டு வந்தாரு. சரியா 41ஆம் நாள் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆச்சு, போட்டா நிக்கல, மறுபடி ட்ரிப். நாலு ஆள வெச்சு பைப்பத் தூக்கி, மோட்டார எங்கூரு வைண்டிங் கடைக்கு, எரிஞ்ச வயர எடுத்துட்டு புதுசா காயில் கட்டிக் குடுக்கற கடை, அங்க கொண்டு போனாங்க. அன்னைக்கு எனக்கு லீவு, கூடப் போனேன்.

வைண்டிங் கடை அண்ணன் ஒரு சாக்க விரிச்சு, மோட்டாருக்குள்ள இருந்த தண்ணிய சாச்சு ஊத்துனாரு, கருகுன வாசம். ரோட்டார உருவி எடுத்து ஓரமா வெச்சிட்டு, ஸ்டேட்டருக்குள்ள செல்போன் டார்ச்ச அடிச்சு, ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம், "மாமா, இதப் பாருங்க"ன்னாரு. ஸ்லாட்டு ஓரமெல்லாம் கீறல், ஏற்கனவே ஒரு தடவ பழைய வயர உருவி எடுத்த தழும்பு. கீழ த்ரஸ்ட் பேரிங் தேஞ்சு பளபளன்னு இருக்கு, நாப்பது நாள்ல அப்படித் தேயாது. வெளிய நேம் ப்ளேட்டு புதுசு, ஆனா அத அடிச்சிருந்த ரிவிட்டுக்குப் பக்கத்துலயே பழைய ரிவிட்டு ஓட்டை ரெண்டு, எம்-சீல் வெச்சு அடைச்சு மேல பெயின்ட் அடிச்சிருந்துச்சு. நகத்தால சொரண்டுனா வந்துருச்சு. "காயில் கட்டுன மோட்டார புதுசுன்னு குடுத்திருக்கான் மாமா." அப்பா அந்த ஓட்டைய விரலால தடவிப் பாத்துட்டே இருந்தாரு. அவரு கோவப்பட்டா கத்துவாரு, அன்னைக்குக் கத்தல. பஸ் ஸ்டாப்புல நிக்கறப்பதான் சொன்னாரு, பில்லு போடறதுக்கு முன்னாடி கடைக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். "நீங்க கேரளாப் பக்கங்களா?"

அந்தக் கேள்விதான் அப்பாவுக்கு இன்னும் முள்ளா இருக்கு. ஏமாந்தத விட, ஏமாத்தலாம்னு ஆளப் பாத்து முடிவு பண்ணுனது. எல்லை தாண்டி வர்றவன், திரும்ப வந்து சண்டை போட மாட்டான், கேஸ் போடன்னு மெனக்கெட்டு வர மாட்டான்னு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு கொஞ்சம் பழசு. 2020 ஜூலைல அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டத்துல, வாங்குனவன் குடியிருக்கற எடத்துலயே கேஸ் போடலாம், முன்ன மாதிரி கடை இருக்கற ஊருக்கு ஓட வேண்டாம். அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்குன பொருளுன்னா ஃபீசும் கெடையாது. வக்கீல் எதுக்கு, நானே எழுதறேன்னேன். ஒன்பது வருஷ அனுபவம் பாருங்க. ஒரு மாதிரி மனுவ டவுன்லோட் பண்ணி, பேரு தேதி மாத்தி, கடைசில என்னென்ன வேணும்னு கேக்கற பிரேயர்ல மோட்டார் விலை, ஆள் கூலி, டேங்கர் தண்ணிக் காசு, மன உளைச்சல், செலவுத்தொகைன்னு வரிசையா போட்டேன். நுகர்வோர் கமிஷன்ல, அதாவது நுகர்வோர் கோர்ட்டுல, அழகா ஃபைல் பண்ணேன். அந்த வரிசைல ஒரு வரி விட்டுப்போச்சு. அதப்பத்திதான் இந்தப் பதிவே.

கமிஷன்ல கேட்ட கேள்வி

நடுவுல நடந்தத வேகமா சொல்லிடறேன். கடைக்காரர் வக்கீல் வெச்சாரு. மொதல்ல வோல்டேஜ் ஏறி எறங்குனதால எரிஞ்சுதுன்னாங்க. அப்புறம் வெளியாள் மோட்டாரத் தொறந்துட்டாரு, அதனால வாரண்டி இல்லன்னாங்க. கமிஷன் ஒரு எக்ஸ்பர்ட்ட அனுப்பி ரிப்போர்ட் வாங்குச்சு, ரிப்போர்ட் வைண்டிங் அண்ணன் சாக்கு மேல உக்காந்து சொன்னதையேதான் இங்கிலீஷ்ல சொல்லுச்சு. வாய்தா வாய்தாவா போயிட்டிருந்தது. அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டாம, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பைல அந்த ரிவிட்டு ஓட்டை இருக்கற பாகத்த சுத்தி எடுத்துட்டு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறுவாரு. யாரும் அதக் கேக்கல. இருந்தாலும் தூக்கிட்டுப் போவாரு.

கடைசி ஹியரிங்ல, எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கற நேரத்துல, கமிஷன் பிரசிடென்ட் மேடம் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு அப்பாவப் பாத்து மலையாளத்துல கேட்டாங்க. சட்டத்துக்காகக் கேட்ட மாதிரி தெரியல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. எவ்வளவு கெடச்சா உங்களுக்கு சமாதானம் ஆகும்னு.

ரெண்டு வருஷமா ராத்திரி பகலா அந்தக் கடைக்காரனத் திட்டிட்டிருந்த மனுஷன்கிட்ட தொகை இல்ல. நான் பக்கத்துல நின்னு, பத்து லட்சம்னு சொல்லிருவாரோன்னு பயந்தேன். அப்பா தரையப் பாத்தாரு, பையப் பாத்தாரு, அப்புறம் தமிழ்லயே சொன்னாரு: "இந்த மாதிரி எத்தன பேருக்கு வித்தான்னு அவனையே கேளுங்கம்மா. அத்தனையால பெருக்கிக்கங்க."

மேடம் சிரிச்சாங்க, கிண்டல் சிரிப்பு இல்ல. "மனசிலாயி"ன்னாங்க. அப்புறம் ஃபைலத் திருப்பிப் பாத்துட்டு, "அவரொன்னும் இவிட வந்நிட்டில்லல்லோ." அந்த மத்தவங்கெல்லாம் இங்க வரலையே. வரலைன்னா அவங்க ஏமாந்தாங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது, கடைக்காரர் அதுக்கு எப்படிப் பதில் சொல்லுவாரு? அப்புறம் என்னப் பாத்து, நான் எழுதுன மனுவோட கடைசிப் பக்கத்த விரலால தட்டி, பிரேயர்ல அப்படி ஒண்ணும் கேக்கலையேன்னாங்க.

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

உத்தரவு அடுத்த மாசம் வந்துச்சு. 36,500 வட்டியோட, இழப்பீடு 10,000, செலவுத்தொகை 5,000. நல்ல உத்தரவுதான், கமிஷன் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. கேட்டதுல நியாயமானதக் குடுத்தாங்க. கேக்காதத எப்படிக் குடுப்பாங்க.

அலபாமாவுல ஒரு கார்

பஸ்ல திரும்பி வர்றப்ப எனக்கு மண்டைக்குள்ள ஓடுனது அப்பா சொன்ன அந்தப் பெருக்கல்தான். ஏன்னா அதே பெருக்கல நான் ஆபீஸ்ல படிச்சிருக்கேன். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஒரு டாக்டர் 1990ல 40,000 டாலர் சொச்சத்துக்கு ஒரு புது பிஎம்டபிள்யூ வாங்குறாரு. ஒன்பது மாசம் கழிச்சு இன்னும் பளபளப்பாக்கலாம்னு ஒரு பாலிஷ் கடைல விடறாரு, அந்தக் கடைக்காரர் சொல்றாரு இது ஏற்கனவே ரீபெயின்ட் பண்ண வண்டின்னு. (எங்க வைண்டிங் அண்ணன் மாதிரி எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருப்பாரு போல.) விசாரிச்சா, கப்பல்ல வர்றப்ப பெயின்ட் கெட்டதாம், ரிப்பேர் செலவு வண்டி விலைல 3 சதவீதத்துக்குள்ளன்னா யார்கிட்டயும் சொல்லாம புதுசுன்னு வித்துரலாங்கறது கம்பெனி பாலிசியாம். ஜூரி (பொதுஜனத்துலருந்து எடுத்து தீர்ப்பு சொல்ல உக்கார வைக்கற குழு) என்ன பண்ணுச்சு, வண்டி மதிப்பு கொறஞ்சதுக்கு 4,000 டாலர், தண்டனையா 40 லட்சம் டாலர். அந்த 40 லட்சம் எங்கிருந்து வந்துச்சுன்னா, இதே மாதிரி நாடு முழுக்க ஏறத்தாழ ஆயிரம் வண்டி வித்திருக்காங்க, ஆயிரத்த நாலாயிரத்தால பெருக்கு. அப்படியே அப்பா கணக்கு. கொழிஞ்சாம்பாறை விவசாயியும் அலபாமா ஜூரியும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி.

அலபாமா மேல் கோர்ட்டு, வெளி மாநிலத்துல வித்ததுக்கெல்லாம் இங்க தண்டிக்கக் கூடாதுன்னு பாதியாக்கி 20 லட்சம்னுச்சு. 1996ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, 5க்கு 4ன்னு, அதுவும் ஓவர்னு அடிச்சுப்போட்டுருச்சு. எவ்வளவு தண்டனை வரும்னு ஒருத்தனுக்கு முன்னாடியே ஒரு மட்டாவது தெரியணும், அதில்லாம தலைல இடி விழற மாதிரி தொகை போட்டா அது அரசியல் சட்டத்துக்கே ஆகாதுன்னு சொல்லி, மூணு அளவுகோல் குடுத்துச்சு. செஞ்ச காரியம் எவ்வளவு கேவலமானது, நஷ்டத்துக்கும் தண்டனைக்கும் விகிதம் என்ன, அதே தப்புக்கு அரசாங்கம் போடற அபராதம் எவ்வளவு. அலபாமா சட்டத்துல அந்த அபராதம் அதிகபட்சமே 2,000 டாலர்தான். திரும்ப அலபாமாவுக்கே அனுப்பி, கடைசில 50,000 டாலர்ல வந்து நின்னுச்சு. 40 லட்சத்துல ஆரம்பிச்சது. 2003ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கேஸ்ல இன்னும் இறுக்குனாங்க, விகிதம் ஒத்தை இலக்கத்தத் தாண்டுனா பெரும்பாலும் நிக்காதுன்னு. அதாவது 9 மடங்கு வரைக்கும் போலாம், அதுக்கு மேல போறது ரொம்ப அபூர்வம். அந்தக் கேஸ்ல 14.5 கோடி டாலர் தண்டனை 90 லட்சத்துக்கு எறங்குச்சு, நஷ்டஈடு 10 லட்சம், கணக்கா ஒன்பது மடங்கு.

மொத தடவ இதெல்லாம் படிச்சப்ப நான் கோர்ட்டு பக்கந்தான். ஒரு காரணம் சொல்றேன், அந்தத் தீர்ப்பு அடிக்குறிப்புலயே இருக்கு. அதே அலபாமாவுல இன்னொரு டாக்டர், அவரும் அதே கம்பெனி வண்டி வாங்கி, அதே ரீபெயின்ட் விஷயத்துக்கு கேஸ் போட்டாரு. ஜூரி அவருக்கு 4,600 டாலர் நஷ்டஈடு குடுத்துச்சு. தண்டனைத் தொகை? பூஜ்யம். ஒரே தப்பு, ஒருத்தருக்கு 40 லட்சம், இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்ல. இத நியாயம்னு சொல்ல முடியுமா, லாட்டரின்னுதான சொல்லணும். லாட்டரி சீட்டு தொங்கற கடைங்க நடுவுல வளந்தவ நான், அதுல விழறது யாருக்கோதாங்கறது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனா அப்பா அந்தப் பைய மடில வெச்சிட்டு ஜன்னலோரமா தூங்கிட்டு வர்றப்ப, அந்த விகிதக் கணக்கு எனக்கே கசந்துச்சு. கடைக்காரர் எடத்துலருந்து போட்டுப் பாத்தேன். காயில் கட்டுன பழைய மோட்டார புதுசுன்னு வித்தா ஒரு மோட்டாருக்கு 20,000 ரூபா மிஞ்சுதுன்னு வைங்க. பத்துப் பேருக்கு விக்கறாரு, அதுல ஒருத்தன் எங்கப்பா மாதிரி விடாக்கண்டன், கேஸ் போட்டு ஜெயிக்கறான். அவனுக்கு 51,500உம் வட்டியும் குடுக்கறாரு. மிச்சம் ஒன்பது பேர்கிட்ட 1,80,000 அப்படியே பைல. இதுல தண்டனை எங்க இருக்கு? வியாபாரத்துல டீ செலவு மாதிரி ஒரு செலவு. இங்கிலாந்துல 1964ல டெவ்லின் பிரபு ஒரு தீர்ப்புல ப்யூனிட்டிவ் டேமேஜ்ஜ ரொம்பக் குறுக்குனாரு, கண்டதுக்கும் குடுக்காதீங்க, இன்னின்ன வகைக்கு மட்டுந்தான்னு. அப்படிக் குறுக்குன மனுஷனே விட்டு வெச்ச வகைல ஒண்ணு இதுதான்: நஷ்டஈடு குடுத்தாலும் எனக்கு லாபந்தான்னு கணக்குப் போட்டுத் தப்பு செய்யறவன். நம்மூர் கோர்ட்டுகளும் அந்தத் தீர்ப்பதான் சுத்திச் சுத்தி வருது. "நீங்க கேரளாப் பக்கங்களா"ங்கற கேள்விய டெவ்லின் பிரபு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு தோணுச்சு.

மூட்டைப்பூச்சி இல்ல, உண்ணி

அப்பாகிட்ட அலபாமா கதைய சொன்னேன். "நாப்பது லட்சத்த அம்பதாயிரம் ஆக்குனாங்களா? அப்ப அந்த நாட்டுலயும் இதே பொழப்புதானா?"ன்னாரு. அதுக்கு மேல பேசல. அதனால அவருக்குப் புடிக்கற மாதிரி ஒண்ணு தேடிப் புடிச்சேன், அதே 2003ல வந்தது. சிகாகோவுல ஒரு மோட்டல். ரூமெல்லாம் மூட்டைப்பூச்சி. பூச்சி மருந்து அடிக்கற கம்பெனி 1998லயே வந்து, 500 டாலர் குடுங்க, எல்லா ரூமுக்கும் அடிச்சுத் தர்றோம்னு சொல்லியிருக்கு. மோட்டல்காரங்க வேண்டாம்ட்டாங்க. பூச்சி பெருகிப் பெருகி, மருந்து அடிக்கற வரைக்கும் குடுக்காதீங்கன்னு எழுதி வெச்ச ரூமையே வாடகைக்கு விட்டிருக்காங்க. வர்றவங்க கடிக்குதுன்னு சொன்னா, அத மூட்டைப்பூச்சின்னு சொல்லாதீங்க, உண்ணின்னு சொல்லுங்கன்னு ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு உத்தரவு. அப்பா இந்த எடத்துல வாய் விட்டு சிரிச்சாரு. மாட்டுக் கொட்டாய் வெச்சிருக்கறவருக்கு உண்ணிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதா.

கடி வாங்கி கேஸ் போட்டது ரெண்டு பேரு. ஜூரி ஆளுக்கு 5,000 டாலர் நஷ்டஈடு, 1,86,000 டாலர் தண்டனைன்னு போட்டுச்சு. 37 மடங்கு. ஒன்பது மடங்கு பேச்சு வந்த அதே வருஷம். அப்பீல் கோர்ட்டுல ரிச்சர்ட் போஸ்னர்ங்கற ஜட்ஜ், அப்படியே நிக்கட்டும்னு விட்டுட்டாரு. தப்பு செய்யறவன் ரெண்டு தடவைக்கு ஒரு தடவதான் மாட்டறான்னா, மாட்டறப்ப ரெண்டு மடங்கு வாங்கணும், இல்லன்னா அவனுக்கு எப்பவும் லாபந்தான்னாரு. நஷ்டம் சின்னதா இருக்கற எடத்துல விகிதத்தப் புடிச்சுத் தொங்குனா கேஸ் போடறதுக்கே ஆள் வர மாட்டாங்க, மோட்டல்காரன் வக்கீல வெச்சு இழுத்தடிச்சே ஜெயிச்சுருவான். இன்னொண்ணையும் அவரு கவனிச்சாரு. 5,000ஐயும் 1,86,000ஐயும் கூட்டுனா 1,91,000. அந்த மோட்டல்ல மொத்தம் 191 ரூம்.

அப்பா சாப்பாட்டுல கை வெச்சவரு அப்படியே நிமிந்தாரு. "ரூமுக்கு ஆயிரம்."

"ஆமாங்கப்பா."

"பெருக்கியிருக்காங்கல்ல?"

"ஆமாங்கப்பா."

"அந்த ஜட்ஜு எங்கூட்டு ஆளு"ன்னாரு. அன்னைக்கு ரெண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு.

நான் அவருகிட்ட சொல்லாம விட்டது என்னன்னா, அந்தப் பெருக்கல்ல ஓட்டை இருக்கு. நாளைக்கு அடுத்த ரூம்காரனும் கேஸ் போட்டு, அந்த ஜூரியும் 191ஆல பெருக்குனா? ஒரே தப்புக்கு 191 தடவ 191. 2007ல ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதத்தான் புடிச்சுச்சு. ஓரிகன்ல சிகரெட் குடிச்சு செத்துப்போன ஒருத்தரோட மனைவி போட்ட கேஸ், 8,21,000 டாலர் நஷ்டஈடு, 7.95 கோடி தண்டனை. அந்த மாநிலத்துல இதே மாதிரி இன்னும் எத்தன பேரு செத்திருப்பாங்கன்னு யோசிங்கன்னு அவங்க வக்கீல் ஜூரிகிட்ட கேட்டிருந்தாரு. கோர்ட்டு சொன்னது, கோர்ட்டுக்கு வராதவங்களுக்கு செஞ்ச தீங்குக்கு இங்க தண்டிக்க முடியாது, அவங்க விஷயத்துல கம்பெனி என்ன பதில் வெச்சிருக்குன்னு சொல்ல வாய்ப்பே இல்லையே. ஆனா காரியம் எவ்வளவு கேவலமானதுன்னு எடை போட அவங்களையும் கணக்குல எடுத்துக்கலாமாம். எடுத்துக்கலாம், ஆனா தண்டிக்கக் கூடாது. எனக்கு இதப் படிச்சப்ப தல சுத்துச்சு, நல்லவேளை ஸ்டீவன்ஸ்ங்கற ஜட்ஜும் மாறுபட்ட தீர்ப்புல இந்த நுணுக்கம் எனக்குப் பிடிபடலைன்னு எழுதி வெச்சிருக்காரு. வேடிக்கை என்னன்னா ஓரிகன் கோர்ட்டு வேற ஒரு காரணத்தச் சொல்லி அதே தொகையத் திரும்ப ஊர்ஜிதம் பண்ணிருச்சு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடாம விட்டுருச்சு.

அவரொன்னும் இவிட வந்நிட்டில்லல்லோ. எங்கூரு பிரசிடென்ட் மேடம் ஒரு வரில சொல்லி முடிச்சத.

நம்மூர்ல கதை வேற மாதிரி

அங்க பூட்டு தொகை மேல. இங்க பூட்டு வாசல்லயே. நம்ம நுகர்வோர் சட்டத்துலயும் ப்யூனிட்டிவ் டேமேஜ் இருக்கு, கமிஷன் தகுந்ததுன்னு நெனச்சா குடுக்கலாம்னு 39ஆம் பிரிவு தெளிவா சொல்லுது. ஆனா 2014ல ஒரு தீர்ப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோட ஒரு வண்டிய எஸ்யூவின்னு விளம்பரம் பாத்து 14 லட்சம் குடுத்து வாங்குனவரு கேஸ் போட்டாரு, தேசிய கமிஷன் வரைக்கும் போச்சு, அவங்க இதே மாதிரி மத்தவங்களும்தான ஏமாந்திருப்பாங்கன்னு 25 லட்சம் தண்டனை போட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. மனுவுல கேக்கல, மத்தவங்க ஏமாந்ததுக்கு சாட்சி இல்ல, இப்படி ஒண்ணு வரப்போகுதுன்னு கம்பெனிக்கு நோட்டீஸ் இல்ல, பதில் சொல்ல வாய்ப்பு இல்ல. அத படிச்சு முடிச்சப்ப ராத்திரி ஒரு மணி. என் மனுவோட கடைசிப் பக்கத்த எடுத்துப் பாத்தேன். ஒரு வரி. ஒரே ஒரு வரி சேத்திருந்தா கேள்வியாவது உசுரோட இருந்திருக்கும்.

அதுக்கு அடுத்தது இன்னும் மோசம். அதே 39ஆம் பிரிவுல கீழ வேற ஒரு வகை இருக்கு. யாரு எவருன்னு எளிதுல அடையாளம் காண முடியாத பல பேருக்கு நஷ்டம் வந்திருந்தா, வித்த அந்தக் குறைபாடுள்ள சரக்கோட மதிப்புல 25 சதவீதத்துக்குக் கொறையாம ஒரு தொகை கட்டச் சொல்லலாம். பழைய சட்டத்துல இது 5 சதவீதம்தான், புதுசுல ஏத்தியிருக்காங்க. கேஸ் போட்டவன் கைக்கு அது வராது, அது வேற விஷயம். ஆனா எத்தன பேருக்கு வித்தானோ அத்தனையால பெருக்குங்கன்னு அப்பா கேட்டது இதுதான? ஆறாம் கிளாஸோட நிறுத்துன மனுஷன் கோர்ட்டுல நின்னு ஒரு சட்டப் பிரிவ வாயால சொல்லியிருக்காரு, படிச்ச பொண்ணு பக்கத்துல நின்னு அதக் கேட்டு பயந்துட்டு இருந்திருக்கேன். அவரு சொன்னது வெறும் கோவம்னு நெனச்சேன். இத இன்னும் அவருகிட்ட சொல்லல. படிச்சுட்டு யாரும் சொல்லிராதீங்க, அவரு ஃபோன்ல யூடியூப் மட்டுந்தான் பாப்பாரு.

கேட்டுக் கெடச்சாலும் நிக்குமான்னு கேட்டா, டெல்லி உபஹார் தியேட்டர் கேஸ். 1997 ஜூன் 13, தீ விபத்து, 59 பேர் செத்தாங்க. ஹைகோர்ட்டு 2003ல தியேட்டர்காரங்களுக்கு 2.5 கோடி தண்டனை இழப்பீடு போட்டுச்சு, அனுமதிக்கு மேல சீட்டப் போட்டு சம்பாதிச்சது எவ்வளவுங்கற அடிப்படைல. 2011ல சுப்ரீம் கோர்ட்டு கணக்கத் திரும்பப் போட்டு 25 லட்சமாக்குச்சு. சீட்டக் கணக்குப் போட்டு எறங்குன தொகை. கூடுதல் சீட்டுல வந்த காச வாங்கிட்டாப் போதும்னா அது அப்பா சொல்ற திருடுனதத் திருப்பிக் குடுக்கற கதைதான, அதுல தண்டனை எவ்வளவு மிஞ்சும்? இத நான் சட்டம் படிச்சவளா கேக்கல. 59 பேரு.

எங்க பக்கத்துலயே பிளாச்சிமடை இருக்கு. கோலா கம்பெனி ஃபேக்டரியால வந்த நஷ்டம் 216 கோடின்னு உயர்மட்டக் கமிட்டி 2010ல கணக்கு சொல்லுச்சு, 2011ல சட்டசபை ட்ரிப்யூனல் வைக்க மசோதாவும் பாஸ் பண்ணுச்சு, ஜனாதிபதி ஒப்புதல் மட்டும் வரல. அந்த வழியாப் போற பஸ்ல ஒவ்வொரு தடவையும் அந்தத் தொகை ஞாபகம் வரும். தொகை இருக்கு, அத வசூல் பண்ண ஒரு மேசை இல்ல.

அதனால நான் எங்க நிக்கறேன்னு கேட்டா, ரெண்டு டாக்டர் கதை ஞாபகம் வர்றப்ப கடிவாளம் வேணும்னுதான் சொல்லுவேன். ஆனா கடிவாளத்த நஷ்டத்தோட மடங்குல கட்டாதீங்க. ஏழைக்கு நஷ்டம் எப்பவும் சின்னதுதான, 36,500ஓட ஒன்பது மடங்குன்னா என்ன, 3,28,500. அவன் மறைச்சு எவ்வளவு சம்பாதிச்சான், எத்தனைக்கு ஒரு தடவ மாட்டறான், அதுல கட்டுங்க. போஸ்னர் கணக்குல ஓட்டை இருக்குன்னு தெரியும், இருந்தும் அந்தப் பக்கம்தான் சாயறேன், அடுத்த ரூம்காரன் வந்தா ஏற்கனவே கட்டுனதக் கழிச்சுக்கங்கன்னு சொல்ல ஒரு கோர்ட்டுக்குத் தெரியாதா என்ன.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வைண்டிங் அண்ணன் ஃபோன் பண்ணாரு. "மாமாவ கொஞ்சம் வரச் சொல்லு கண்ணு." அப்பாவும் நானும் போனோம். வடகரப்பதிப் பக்கத்துக்காரர் ஒருத்தர், அப்பா வயசு இருக்கும், டிவிஎஸ் எக்ஸ்எல்ல மோட்டாரக் கட்டிக் கொண்டு வந்திருக்காரு. அதே கடை பில்லு. தேதி எங்க தீர்ப்புக்கு அப்புறம். அண்ணன் ஒண்ணும் சொல்லாம நேம் ப்ளேட்டு ஓரத்துல நகத்த வெச்சு சொரண்டிக் காட்டுனாரு. எம்-சீல்.

அப்பா ஏறக்குறைய ஓடுனாரு வீட்டுக்கு, ஃபைல எடுத்துட்டு வந்தாரு, மனு, ரிப்போர்ட், உத்தரவு, எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல. "இத அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. எம் பொண்ணு எழுதிக் குடுக்கும். இந்தத் தடவ ஒண்ணும் விடாம எழுதும்." என்னப் பாக்காமதான் சொன்னாரு, ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு, அப்ப இவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மோட்டார் கொண்டு வந்தவரு பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மலையாளமும் இங்கிலீஷுமா இருக்கு, என்ன தெரிஞ்சுதோ. "எத்தன தடவ போனீங்க?"

"பதினோரு தடவ."

அவரு மோட்டாரப் பாத்தாரு, வெயிலப் பாத்தாரு. "தோப்பு காயுதுங்க"ன்னு சொல்லி ஃபைல அப்பா கைலயே குடுத்துட்டு, அண்ணன்கிட்ட காயில் கட்ட எவ்வளவு ஆகும்னு கேட்டாரு.